பேரில் மட்டும் சாகரம்

ஊர்ப் பேரில் சாகரம் இருக்கிறது.
நிஜக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால்
ஒரு ராத்திரி முழுக்க பஸ் மாற வேண்டும்.
ஆனாலும் மேல்காத்து அடித்தால்
பவானிசாகரிலும் அலை உண்டு.
கரைக்கு வந்து கல்லை நக்கிவிட்டு
வந்த சோலி மறந்ததுபோல் திரும்பிப் போகும்.

காலை ஆறு மணிக்கு
அளவுகோலைப் பார்த்துப் போனில் சொல்வது
என் உத்தியோகம்.
இங்கே யாரும் நலம் விசாரிப்பதில்லை.
"எத்தனை அடிங்க?"
கோபியில் நாற்று விடுகிறவர் கேட்பார்,
மீன் எடை போடும் துளசிமணி கேட்பாள்,
என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு
அதையேதான் முதலில் கேட்டார்கள்.

பூங்காவில் பலகை வைக்கிறார்களாம்.
"ஊரின் பழமை, இயற்கை,
பத்து வரிக்குள் கொடுங்க மேடம்,
தெனம் தண்ணியப் பாக்கறவங்க நீங்கதானே"
என்று தாளை நீட்டினார்
பேரூராட்சி உதவியாளர் கதிரவேல்.

மாயாறு வந்து பவானியில் கலக்கிறது.
இது ஒரு வரி.
பொழுது சாய்ந்தால் அக்கரையில் யானைகள் இறங்கும்.
இதை எழுதினால் செல்போனோடு கூட்டம் இறங்கும்.
அடித்துவிட்டேன்.
நீர்நாய்க்கு மீன்காரர்கள் வைத்திருக்கும் பெயரைப்
பலகையில் போட முடியாது,
குழந்தைகள் படிப்பார்கள்.

போன வருஷம் சித்திரையில்
நாற்பத்தி ஒன்றுக்கு இறங்கியது மட்டம்.
மூழ்கிய கோட்டைக் கோயில் வெளியே வந்தது.
முதலில் ஒரு மேடு, கட்டாந்தரை என்று நினைத்தோம்.
பிறகு மண்டபக் கூரை.
பிறகு தூண்கள், இடுப்புவரை சிப்பி ஒட்டியபடி.
ஒரு யாளியின் பல்லில்
யாரோ எப்போதோ இழந்த நைலான் வலை.
பரிசல்காரர் குருநாதன்
தலைக்கு எண்பது ரூபாய் வாங்கி
நாள் முழுக்கத் துடுப்புப் போட்டார்.

நான்காம் நாள் தெற்கு மண்டபத்துக் கூரையில்
கால் வைக்கப் போனவர் காலை எடுத்துக்கொண்டார்.
மூன்று முட்டைகள்.
கூடு இல்லை, ஒரு துரும்புகூட இல்லை,
வெறுங்கல்லில் கூழாங்கல் நிறத்தில்.
தலைக்கு மேல் ஆலா ஒன்று
மஞ்சள் அலகைத் திறந்து கத்தியது.
அன்றிலிருந்து அந்தப் பக்கம் பரிசல் போகவில்லை.
கேட்டவர்களிடம் "மொதலை கெடக்குதுங்க" என்றார்.
பாதிப் பொய்தான். முதலை இருக்கிறது,
ஆனால் கூரைமேல் இல்லை.

நீலகிரியில் மழை இறங்கியது.
அதன்பின் அளவை இரண்டு முறை சொன்னேன்,
ஒன்று ஆபீசுக்கு, ஒன்று குருநாதனுக்கு.
"கூரைக்கு இன்னும் எத்தனைங்க அம்மிணி?"
"மூணே கால்."
"ரெண்டு பொரிச்சிருச்சு."
"ஒண்ணரை."
"மூணாவது சும்மா கெடக்குது."

ஓர் இரவில் இரண்டடி ஏறியது.
விடியலில் தெற்கு மண்டபம் இல்லை.
எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்,
அந்தப் பக்கம் நல்ல செய்தி என்றார்கள்.
நல்ல செய்திதான். நாற்றங்கால்கள் காத்திருந்தன.
குருநாதன் போய்விட்டு வந்தார்.
பரிசலைக் கவிழ்த்து வைத்தார்,
எதுவும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து
மணல்திட்டில் என்னவோ ஓடியது.
இரண்டா ஒன்றா எண்ண முடியவில்லை.
ஓடும்போது குஞ்சு,
நின்றால் மணல்.
எங்கள் கூரையில் பொரித்தவைதானா
என்று யாரைக் கேட்பது?
மேலே ஆலா கத்திக்கொண்டிருந்தது,
அது எல்லாருக்கும் அப்படித்தான் கத்தும்.

ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன்.
கோட்டை இருக்கிறது, மாயாறு இருக்கிறது,
ஜிலேபி மீன் வறுவல்கூட இருக்கிறது,
துளசிமணி சிபாரிசு.
ஆலா இல்லை.
பத்தாவது வரியில் மட்டும்
கறுப்பாக ஒரு கட்டம் விடச் சொன்னேன்.
சாக்பீஸ் என் செலவு.

இன்று: எழுபத்தி ஒன்று புள்ளி இரண்டு.